ஜிஎன்யூ மேக்: முதல் பில்ட் கருவியாக எடுக்கலாமா?

சி அல்லது சி++ புராஜெக்ட் ஒன்று கையில் இருக்கிறது, இதுவரை எந்த பில்ட் கருவியையும் (சோர்ஸ் ஃபைல்களைப் புரோகிராமாக மாற்றும் கட்டளைகளைத் தேவைக்கேற்ப ஓட்டும் கருவி) தொட்டதில்லை, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவருக்குப் பதில்: ஜிஎன்யூ மேக். சில நூறு கேபி இடம் போதும், ஓட்டுவதற்கு இணையம் வேண்டாம், கட்டணம் கிடையாது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும். மேக் உங்கள் சோர்ஸ் கோடைப் படித்துப் புரிந்துகொள்வதில்லை. எந்த ஃபைல் எதைச் சார்ந்தது என்று நீங்கள் எழுதிக் கொடுப்பதை மட்டுமே அது நம்பும். எழுதியது முழுமையாக இருந்தால் சலிக்காமல் உழைக்கும். ஒரு சார்பு விட்டுப்போனால் எரர் எதுவும் காட்டாமல் பழைய பைனரியையே (கம்பைல் ஆன புரோகிராமையே) கையில் கொடுத்துவிடும். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஒரே வேரிலிருந்து முளைப்பவை.

இங்கே பேசுவது லினக்ஸில் ஓடும் 4.3, 4.4 பதிப்புகளைப் பற்றி. கட்டளைகளும் ஃபைல் பெயர்களும் உச்சரிப்புப்படி தமிழில் இருக்கின்றன. டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த வலிக்கு மருந்து

மேக் பிறந்தது 1976 ஏப்ரலில், பெல் ஆய்வகத்தில். எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் சரியாக இருந்த ஒரு புரோகிராமில் காலை முழுக்கப் பிழை தேடிக் களைத்துப்போயிருந்தார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் செய்யவில்லை, அதனால் பழைய ஆப்ஜெக்ட் ஃபைலே (ஒரு சோர்ஸ் ஃபைலைக் கம்பைல் செய்ததும் கிடைக்கும் .ஓ ஃபைல்) லிங்க் ஆகி, அதாவது மற்றவற்றோடு இணைந்து, புரோகிராமாகிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் மாலை ஃபெல்ட்மனும் இதே குழியில் விழுந்து எழுந்திருந்தார். அந்த வார இறுதியிலேயே மேக்கின் முதல் வடிவம் தயாரானது. 2003இல் இதற்காக ஏசிஎம் என்ற கணினித் துறை அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. இன்று லினக்ஸில் நாம் ஓட்டுவது ரிச்சர்ட் ஸ்டால்மனும் ராலண்ட் மெக்ராத்தும் எழுதிய ஜிஎன்யூ வடிவம். அதை நெடுங்காலமாகப் பராமரித்து வருபவர் பால் ஸ்மித்.

எல்லாக் கட்டளைகளையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் போட்டு ஓட்டினால் போதாதா? ஐந்து ஃபைல் வரைக்கும் போதும். ஐம்பது ஃபைல் ஆகும்போது ஒரே ஒரு வரியை மாற்றினாலும் ஐம்பதும் கம்பைல் ஆகும். நேரத்தை மிச்சம் பிடிக்க ஆளாளுக்கு ஸ்கிரிப்டில் சில வரிகளை மறைத்து வைக்கத் தொடங்குவார்கள். ஜான்சனின் காலைப்பொழுது அங்கேதான் திரும்ப வரும்.

மேக் முடிவெடுக்கும் முறை எளிது. ஒரு டார்கெட், அதற்கான சார்புகள், சார்புகளிலிருந்து டார்கெட்டை உண்டாக்கும் செய்முறை: இந்த மூன்றும் சேர்ந்தது ஒரு விதி. டார்கெட் ஃபைல் இல்லையென்றாலோ, சார்பு ஃபைல் ஏதாவது அதைவிடப் புதிதாக இருந்தாலோ செய்முறை ஓடும். இல்லாவிட்டால் ஓடாது. புதிது, பழையது என்பதைத் தீர்மானிப்பது ஃபைல் கடைசியாக மாறிய நேரம் மட்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்று அது திறந்தே பார்ப்பதில்லை.

நிறுவுதல்

உபுண்டுவில் ஆப்ட் மூலம் பில்ட்-எசென்ஷியல் தொகுப்பைப் போட்டால் ஜிசிசி கம்பைலரும் மேக்கும் சேர்ந்தே வரும். உபுண்டு 22.04, 24.04 இரண்டிலும் கிடைப்பது 4.3. விண்டோஸ் லேப்டாப்பில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் ஓட்டுவதுதான் குறைந்த தலைவலி. அங்கேயும் புராஜெக்ட்டை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸின் ஹோம் ஃபோல்டரிலேயே வையுங்கள். சி டிரைவில் இருக்கும் ஃபைல்களை லினக்ஸ் பக்கமிருந்து அணுகுவது மெதுவாக நடக்கும்.

மேக்ஓஎஸ் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதோடு வருவது 2006இல் வெளியான 3.81. அடுத்த பதிப்பான 3.82 ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்துக்கு மாறிவிட்டதால் ஆப்பிள் அதற்கு மேல் போகவே இல்லை. ஹோம்புரூ என்ற நிறுவும் கருவி மூலம் மேக்கை நிறுவினால் புதிய பதிப்பு ஜிமேக் என்ற பெயரில் வரும். லினக்ஸில் நன்றாக ஓடும் ஒரு மேக்ஃபைல் (மேக்குக்கான விதிகளை எழுதிவைக்கும் ஃபைல்) நண்பரின் மேக்புக்கில் மட்டும் முரண்டு பிடித்தால் முதலில் பதிப்பு எண்ணைக் கேளுங்கள்.

முதல் மேக்ஃபைல்

மேக்ஃபைல் எதுவும் எழுதாமலே தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஃபோல்டரில் ஹலோ.சி என்ற ஃபைல் மட்டும் இருக்கட்டும். மேக் ஹலோ என்று அடித்தால் அது தானாகவே சி கம்பைலரைக் கூப்பிட்டு ஹலோ என்ற புரோகிராமை உருவாக்கும். சி ஃபைலிலிருந்து புரோகிராம் செய்யும் விதி மேக்குக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. பயிற்சிக் கணக்குகள் எழுதும் மாணவருக்கு இதுவே நெடுநாள் தாங்கும்.

இரண்டாவது ஃபைல் வந்ததும் மேக்ஃபைல் எழுதும் நேரம் வந்துவிட்டது. மெயின்.சி, கணக்கு.சி, கணக்கு.ஹெச் என்று மூன்று ஃபைல்கள் இருப்பதாகக் கொள்வோம்:

செயலி: மெயின்.ஓ கணக்கு.ஓ
	ஜிசிசி -ஓ $@ $^

மெயின்.ஓ: மெயின்.சி கணக்கு.ஹெச்
	ஜிசிசி -சி -ஓ $@ $<

கணக்கு.ஓ: கணக்கு.சி கணக்கு.ஹெச்
	ஜிசிசி -சி -ஓ $@ $<

$@ என்பது டார்கெட்டின் பெயர். $^ என்பது எல்லாச் சார்புகளும், $< என்பது முதல் சார்பு மட்டும். வெறுமனே மேக் என்று அடித்தால் ஃபைலில் முதலில் இருக்கும் டார்கெட் ஓடும். அதனால் நீங்கள் அன்றாடம் வேண்டுவது முதலிடத்தில் இருக்கட்டும். கம்பைல் செய்யும் வரிகள் ஒன்றுபோல இருப்பதால் அடுத்த கட்டமாக இரண்டையும் தூக்கிவிட்டு, %.ஓ: %.சி என்ற ஒற்றை மாதிரி விதியாகச் சுருக்கலாம். எல்லோரும் செய்வது இதைத்தான். ஆனால் சுருக்கும்போது கணக்கு.ஹெச் என்ற சார்பும் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. இதைப் பிறகு பார்ப்போம். முதலில் டேப்.

டேப்

செய்முறை வரி ஒவ்வொன்றும் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் நான்கு வைத்தாலும் எட்டு வைத்தாலும் ஏற்காது. மிஸ்ஸிங் செபரேட்டர் என்று சொல்லி நின்றுவிடும். எட்டு ஸ்பேஸாக இருந்தால் மட்டும் டேப் வைக்க நினைத்தீர்களா என்று கூடவே கேட்கும். நான்கு ஸ்பேஸ் வைத்தவருக்கு அந்தக் குறிப்பும் கிடையாது. இப்படி ஒரு விதியை ஏன் வைத்தார் என்று எல்லோரும் கேட்பதுண்டு. ஃபெல்ட்மனே பிற்காலத்தில் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்: தவறு என்று உணர்ந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், அவர்களைச் சிரமப்படுத்த மனம் வரவில்லை. அந்தப் பன்னிரண்டு பேருக்கான விலையை உலகம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஃபைலின் பெயர் மேக்ஃபைல் என்று இருந்தால் இன்றைய எடிட்டர்கள் தாமாகவே டேப் வைக்கும். சிக்கல் பெரும்பாலும் பிடிஎஃப், இணையப் பக்கம், சாட் செயலி இவற்றிலிருந்து ஒட்டும்போதுதான் வருகிறது. அங்கே டேப் வழியிலேயே ஸ்பேஸாக மாறிவிடும். எடிட்டரில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் காட்டும் வசதியை ஆன் செய்துவைத்தால் எரர் சொல்லும் வரியில் உடனே கண்டுபிடிக்கலாம். டேப்புக்குப் பதில் வேறு எழுத்து வைக்க 3.82இலிருந்து வசதி உண்டு. வேண்டாம். அடுத்தவர் படிக்கத் திணறுவார், மேக்ஓஎஸ்ஸின் 3.81இல் ஓடவும் ஓடாது.

இந்தத் தொல்லை எரிச்சலானதுதான், ஆனால் ஆபத்தில்லாதது. உடனே நின்று, வரி எண்ணையும் சொல்லிவிடுகிறது. பயப்பட வேண்டியது அடுத்ததற்கு.

ஹெடர் ஃபைல்: மேக்கின் மிகப் பெரிய பொறி

மாதிரி விதியாகச் சுருக்கிய பிறகு கணக்கு.ஹெச்சில் ஒரு ஸ்ட்ரக்சரில் புதிய உறுப்பு ஒன்றைச் சேர்க்கிறீர்கள். கணக்கு.சியிலும் அதற்கேற்ற மாற்றம். மேக் அடித்தால் கணக்கு.ஓ மட்டும் புதிதாகிறது. மெயின்.சி மாறவில்லை என்பதால் மெயின்.ஓ பழைய ஸ்ட்ரக்சரின் அளவோடு அப்படியே நிற்கிறது. லிங்கரும் வாய் திறக்காது. புரோகிராம் ஓடும்போது ஒரு பாதி 16 பைட் என்று நினைக்கும், மறு பாதி 24 பைட் என்று நினைக்கும். பிறகு வருவது தலைகால் புரியாத மதிப்புகள், அல்லது செக்மென்டேஷன் ஃபால்ட். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்தால் மாயமாகச் சரியாகிவிடும். ஏதாவது விசித்திரமாக நடந்தால் மேக் க்ளீன் அடித்துப் பார் என்ற பழக்கம் ஒரு குழுவில் பரவியிருந்தால், அந்த மேக்ஃபைலில் சார்பு ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஹெடர் பட்டியலைக் கையால் எழுதிப் பராமரிப்பது நடக்காத காரியம். ஒரு ஹெடர் இன்னொன்றை இழுக்கும், அது மூன்றாவதை இழுக்கும். கம்பைலருக்கு இது முழுக்கத் தெரியும், அதையே கேட்டுவிடலாம். ஜிசிசி, க்ளாங் இரண்டும் -எம்எம்டி என்ற தேர்வை ஏற்கும். கம்பைல் செய்யும்போதே ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலுக்குப் பக்கத்திலும் .டி என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்று உருவாகும். அதைத் திறந்தால், மெயின்.ஓ எந்தெந்த ஹெடர்களைச் சார்ந்தது என்று மேக்குக்குப் புரியும் மொழியிலேயே எழுதியிருக்கும். மேக்ஃபைலின் கடைசி வரியில் -இன்க்ளூட் என்று போட்டு அந்த .டி ஃபைல்களை உள்ளே இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. இன்க்ளூடுக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறி முக்கியம். முதல் பில்டில் .டி ஃபைல்கள் இருக்காது, அந்தக் குறி இருந்தால்தான் மேக் அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிப்போகும். முதல்முறை எல்லாமே எப்படியும் கம்பைல் ஆகப்போவதால் அந்தப் பட்டியல் அப்போது தேவையும் இல்லை.

கூடவே -எம்பி என்ற தேர்வையும் சேருங்கள். இதில் பி என்பது ஃபோனி என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. இது இல்லாவிட்டால் என்றாவது ஒரு ஹெடரை நீக்கும் நாளில், அந்த ஹெடரை உருவாக்க விதி இல்லை என்று மேக் நின்றுவிடும். பழைய .டி ஃபைலில் அதன் பெயர் இன்னும் இருப்பதுதான் காரணம். -எம்பி ஒவ்வொரு ஹெடருக்கும் காலியான விதி ஒன்றை எழுதிவைப்பதால் இந்த முட்டுக்கட்டை வராது. இரண்டு தேர்வுகள், ஒரு இன்க்ளூட் வரி. முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள், புராஜெக்ட் பெரிதாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கம்பைலர் தேர்வுகளை மாற்றினால்

இதே குடும்பத்தில் இன்னொரு குறை. கம்பைலர் தேர்வுகளை வைக்கும் சிஃப்ளாக்ஸ் மாறியில், வேகத்துக்கான -ஓ2 என்பதை டீபக்குக்கான -ஜி என்று மாற்றிவிட்டு மேக் அடித்தால் எல்லாம் அப் டு டேட் என்றே பதில் வரும். எந்தச் சோர்ஸ் ஃபைலின் நேரமும் மாறவில்லை என்பதால் அதற்கு வேலை இல்லை. சில சமயம் இது எரராகவே வெடிக்கும். அட்ரஸ் சானிடைசர் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கம்பைலர் வசதி) போட்டுக் கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் ஃபைல்களை, அந்தத் தேர்வு இல்லாமல் லிங்க் செய்தால் ஏசான் என்று தொடங்கும் பெயர்களெல்லாம் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்று வரிசையாக வரும்.

பாதித் தீர்வு: எல்லா ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கும் மேக்ஃபைலையே ஒரு சார்பாகச் சேர்ப்பது. மேக்ஃபைலைத் திருத்தினால் எல்லாம் மறுபடி கம்பைல் ஆகும். ஆனால் கட்டளை வரியில் சிஃப்ளாக்ஸ் கொடுத்தால் இதுவும் பிடிக்காது. அதனால் டீபக் பில்டுக்கு ஒரு ஃபோல்டர், ரிலீஸ் பில்டுக்கு இன்னொன்று, சானிடைசருக்கு மூன்றாவது என்று பிரித்துவிடுவதே நிம்மதி. ஒன்றின் ஆப்ஜெக்ட் இன்னொன்றில் கலக்க வழியே இருக்காது.

அப்படிப் பிரிக்கும்போது அந்த ஃபோல்டரை உருவாக்கும் விதியும் வேண்டும். ஃபோல்டரைச் சாதாரணச் சார்பாக எழுதினால், உள்ளே புது ஃபைல் ஒன்று விழும் ஒவ்வொரு முறையும் ஃபோல்டரின் நேரம் மாறி, தேவையில்லாத கம்பைல்கள் நடக்கும். சார்புப் பட்டியலில் | என்ற செங்குத்துக் கோடு போட்டு அதற்குப் பின்னால் ஃபோல்டர் பெயரை எழுதுங்கள். அது இருக்கிறதா என்று மட்டும் மேக் பார்க்கும், எப்போது மாறியது என்று பார்க்காது.

செய்முறைக்குள் ஷெல்

செய்முறையின் ஒவ்வொரு வரியும் தனித்தனி ஷெல்லில் ஓடுகிறது. முதல் வரியில் சிடி போட்டு ஒரு ஃபோல்டருக்குள் போய், இரண்டாவது வரியில் அங்கே வேலை செய்யலாம் என்று நினைத்தால், இரண்டாவது வரி பழைய இடத்திலேயே ஓடும். அழிக்கும் கட்டளை அங்கே இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் && கொண்டு ஒரே வரியாகச் சேருங்கள். ; போட்டுச் சேர்க்காதீர்கள். சிடி தோற்றாலும், அடுத்ததை ஓட்டிவிடும்.

ஷெல் மாறிகளுக்கு $$ என்று இரட்டை டாலர் வேண்டும். ஒற்றை டாலரை மேக் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். $பாத் என்று எழுதினால் $ப என்ற முதல் எழுத்தை மட்டும் மாறியின் பெயராக எடுத்து, மீதியை வெறும் எழுத்தாக விட்டுவிடும். பேஷ் ஷெல்லுக்கே உரிய இரட்டை அடைப்பு, வரிசைகள் போன்றவை உபுண்டுவில் தோற்கும். மேக் கூப்பிடுவது அடிப்படை ஷெல்லை, உபுண்டுவில் அது டாஷ். ஷெல் என்ற மாறியில் பேஷின் முழுப் பாதையைக் கொடுத்தால் சரியாகும்.

அரைகுறை ஃபைல் இன்னொரு நுட்பமான பொறி. ஒரு ஸ்கிரிப்ட் தரவுக் கோப்பு ஒன்றை எழுதிக்கொண்டே வந்து பாதியில் தோற்றால், பாதி எழுதிய ஃபைல் புதிய நேரத்தோடு டிஸ்கில் கிடக்கும். அடுத்த முறை மேக் அதைப் பார்த்து, புதிதாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடும். .டெலீட்_ஆன்_எரர் என்ற சிறப்பு டார்கெட்டை மேக்ஃபைலில் ஓரிடத்தில் எழுதிவைத்தால் தோற்ற டார்கெட்டை மேக் தானே நீக்கும். இது இயல்பாகவே இருந்திருக்க வேண்டிய நடத்தை. நாம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

க்ளீன், டெஸ்ட் போன்ற டார்கெட்கள் ஃபைலை உருவாக்குவதில்லை. அவற்றை .ஃபோனி என்ற டார்கெட்டின் சார்பாக அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் விட்டு, என்றாவது டெஸ்ட் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவானால், மேக் டெஸ்ட் அடிக்கும்போது எல்லாம் தயார் என்று சொல்லிவிட்டு ஒரு சோதனையும் ஓட்டாது. சோதனை எல்லாம் பாஸ் என்று நாமும் நம்பிவிடுவோம்.

இணையாக ஓட்டும்போது

-ஜே8 என்று கொடுத்தால் எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். சார்புகள் சரியாக எழுதப்பட்டிருந்தால் இதைவிட மலிவான வேக அதிகரிப்பு வேறு இல்லை. எண் இல்லாமல் -ஜே மட்டும் கொடுக்காதீர்கள். வரம்பே இல்லாமல் நூற்றுக்கணக்கில் கம்பைலர்களைக் கிளப்பிவிடும். எத்தனை என்பதைத் தீர்மானிக்கும்போது கோர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது, ரேமையும் பார்க்க வேண்டும். கனமான டெம்ப்ளேட்கள் கொண்ட சி++ ஃபைல் ஒன்றே 1 ஜிபிக்கு மேல் விழுங்கும். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் -ஜே16 போட்டால், கம்பைலரை லினக்ஸே கொன்றுவிட்டதாக எரர் வரும். உங்கள் கோடில் பிழை இல்லை, எண்ணைக் குறையுங்கள். எட்டு வேலைகளின் எரர் செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தால் --அவுட்புட்-சிங்க் என்று சேருங்கள். 4.0 முதல் இருக்கிறது.

வரிசையாக ஓட்டும்போது தற்செயலாகச் சரியாக நடந்தவை இங்கே வெளுத்துவிடும். ஸ்கிரிப்ட் ஒன்று உருவாக்கும் ஹெடரை மெயின்.சி பயன்படுத்துகிறது, ஆனால் அது சார்பாக எழுதப்படவில்லை என்று வையுங்கள். மேக்ஃபைலில் மேலே இருப்பதால் அது முதலில் ஓடி, எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது. இணையாக ஓட்டியதும் மெயின்.சி முந்திக்கொண்டு ஹெடர் இல்லை என்று விழும். மறுபடி அடித்தால் சரியாகிவிடும், அதற்குள் ஹெடர் உருவாகிவிட்டதே! ஒருமுறை தோற்று மறுமுறை ஓடும் பில்டைப் பார்த்து -ஜேவை எடுத்துவிடுவது நோயை மறைப்பது. விட்டுப்போன சார்பை எழுதுங்கள்.

லைப்ரரிகள், மாறிகள்

கணித லைப்ரரிக்கான -எல்எம் போன்றவற்றை எல்டிலிப்ஸ் என்ற மாறியில் போடுங்கள், எல்டிஃப்ளாக்ஸில் போடாதீர்கள். மேக்கின் உள்விதிகள் எல்டிஃப்ளாக்ஸை ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கு முன்னும் எல்டிலிப்ஸைப் பின்னும் வைக்கின்றன. லைப்ரரி முன்னால் வந்தால், அப்போது யாருக்கும் அது தேவைப்படவில்லை என்று உபுண்டுவின் லிங்கர் அதைக் கழற்றிவிடும். அடுத்து வரும் ஆப்ஜெக்ட் ஃபைலில் வர்க்கமூலம் காணும் எஸ்கியூஆர்டி கிடைக்கவில்லை என்று எரர்.

மாறிகளுக்கு = போட்டால் பயன்படும் ஒவ்வொரு இடத்திலும் வலப்பக்கம் மறுபடி கணக்கிடப்படும். := போட்டால் ஒருமுறைதான். ஷெல் கட்டளை ஓட்டி ஃபைல் பட்டியல் எடுக்கும் மாறிக்கு = போட்டிருந்தால், அந்தக் கட்டளை திரும்பத் திரும்ப ஓடி மேக் தொடங்கவே நேரம் பிடிக்கும். காரணம் இல்லாமல் = வேண்டாம்.

இதற்கு மேல் மேக்கிடம் எதிர்பார்க்கக் கூடாதவை

லைப்ரரிகளை இணையத்திலிருந்து இறக்கித் தராது. பெயரில் ஸ்பேஸ் உள்ள ஃபைல்களோடு ஒத்துப்போகாது, புராஜெக்ட் ஃபோல்டருக்கும் ஸ்பேஸ் இல்லாத பெயரே வையுங்கள். நேரத்தை மட்டும் நம்புவதால் கணினிக் கடிகாரம் பிசகினால் குழம்பும். க்ளாக் ஸ்க்யூ என்ற எச்சரிக்கை வந்தால் அந்த பில்டை நம்பாமல் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள். சிஐ சர்வரில் (கோடு மாறும்போதெல்லாம் தானாக பில்ட் செய்யும் சர்வர்) ஆப்ஜெக்ட் ஃபைல்களைச் சேமித்துவைத்து அடுத்த முறை பயன்படுத்தலாம் என்றாலும் நடக்காது. கிட் (கோடின் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவி) புதிதாக இறக்கும் ஃபைல்களுக்கு இறக்கிய நேரமே பதிவாகும், எல்லாமே ஆப்ஜெக்ட்டைவிடப் புதிதாகத் தெரியும். அங்கே கம்பைல் முடிவுகளைச் சேமித்துவைக்கும் சிகேஷ் என்ற கருவியை கம்பைலருக்கு முன்னால் நிறுத்துங்கள். அது நேரத்தைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கும்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும் சி++ புராஜெக்ட்டாக இருந்தாலோ, வெளி லைப்ரரிகள் நாலைந்து தாண்டினாலோ சிமேக்குக்குப் போய்விடுங்கள். கிட்வேர் நிறுவனம் உருவாக்கிய இது, தானே கம்பைல் செய்யாமல் நிஞ்ஜாவுக்கோ மேக்குக்கோ தேவையான ஃபைல்களை எழுதித் தரும். கூகுள் குரோமுக்காக ஈவன் மார்ட்டின் எழுதிய நிஞ்ஜா, ஒவ்வொரு டார்கெட்டும் எந்தக் கட்டளையால் உருவானது என்று பதிவு வைத்திருக்கிறது. அதனால் மேலே சொன்ன சிஃப்ளாக்ஸ் குறை அதில் இல்லை. நிஞ்ஜா ஃபைலைக் கையால் எழுத வேண்டாம், அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஜாவாவுக்கு மேக் பொருந்தாது. ஒரு சோர்ஸ் ஃபைலிலிருந்து பல கிளாஸ் ஃபைல்கள் வரும், ஜாவா கம்பைலரும் பல ஃபைல்களை ஒன்றாக எடுத்துக்கொள்ளும். ஃபைலுக்கு ஃபைல் நேரம் ஒப்பிடும் கணக்கு அங்கே உடைந்துவிடும். மேவன் அல்லது கிரேடில் எடுங்கள். ரஸ்டுக்கு கார்கோ, கோ மொழிக்கு அதன் சொந்தக் கட்டளை. 2015இல் கூகுள் திறந்துவிட்ட பேசல் பெரிய குழுக்களுக்கானது, தொடங்குபவர் தொட வேண்டியதில்லை. கெர்னல், டிரைவர் பக்கம் போக நினைப்பவர்களுக்கு மட்டும் மேக்கைத் தவிர்க்க வழியில்லை. லினக்ஸ் கெர்னல் இன்றும் அதைக்கொண்டே பில்ட் ஆகிறது.

எழுதிய மேக்ஃபைலைச் சோதிக்க

ஏன் ஓடியது, ஏன் ஓடவில்லை என்று புரியாதபோது --ட்ரேஸ் சேர்த்து ஓட்டுங்கள். எந்தச் சார்பு மாறியதால் எந்த வரி ஓடியது என்று சொல்லும். --டிரை-ரன் கொடுத்தால் ஓட்டாமல் கட்டளைகளை மட்டும் காட்டும்.

மேக்ஃபைலை மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முன் நான்கு சோதனைகள். புதிதாக கிட்டிலிருந்து இறக்கிய ஃபோல்டரில் -ஜே8 போட்டு பில்ட் செய்யுங்கள், முதல் முறையே முடிய வேண்டும். உடனே மறுபடி மேக் அடியுங்கள். ஒரு கட்டளைகூட ஓடக் கூடாது. ஓடினால், தான் சொன்ன பெயரில் ஃபைலை உருவாக்காத விதி ஏதோ இருக்கிறது. பிறகு ஒவ்வொரு ஹெடராக டச் கட்டளையால் நேரத்தை மட்டும் புதுப்பித்து, அதை இழுக்கும் ஃபைல்கள் மட்டும் கம்பைல் ஆகின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, 4.4 பதிப்பு இருந்தால் --ஷஃபிள் சேர்த்து, ஒவ்வொரு முறையும் க்ளீன் செய்துவிட்டு, பத்து முறை ஓட்டுங்கள். அது சார்புகளின் வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டும். ஒரு முறை தோற்றாலும் எழுதாமல் விட்ட சார்பு ஒன்று எங்கேயோ இருக்கிறது. எரரில் வரும் கலைப்பு எண்ணை --ஷஃபிளுக்குக் கொடுத்தால் அதே வரிசையில் மறுபடி ஓட்டி அதைப் பிடித்துவிடலாம்.